துருத்தி பம்பர்: 911-ஐச் சட்டம் கெடுத்ததா?

வாசகர் ஒருவர் எழுதியது (2024 மார்ச் 2):
"போர்ஷே 911-இல் 1973 வரை வந்ததுதான் நிஜமான கார். அதற்கப்புறம் அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து தடி பம்பரும் கறுப்பு ரப்பரும் மாட்டி அழகையே கெடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு விதி என்று ஒன்று உள்ளே வந்தாலே வடிவமைப்பு செத்துப்போகிறது. மறுப்பவர் உண்டா?"

மார்ச் 2, இரவு

நான் மறுக்கிறேன். பத்து வருடமாக போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். கார் மோதினால் எந்தத் தகடு எப்படி மடங்கும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் தொழில். அதனால் நீளமாகவே மறுப்பேன்.

911 முதலில் மேடையேறியது 1963 செப்டம்பர், ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில். அப்போது அதன் பெயர் 901. நடுவில் சைபர் வைத்த மூன்றிலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பெஜோ சொல்ல, 911 ஆனது. அந்தக் காரின் பம்பர் ஓர் அலங்காரம்தான். உடம்போடு ஒட்டிய மெல்லிய தகடு. யாராவது லேசாகத் தட்டினால் பம்பர் தாங்காது, பின்னால் இருக்கும் ஃபெண்டர்தான், அதாவது சக்கரத்தை மூடும் உடம்புத் தகடுதான், தாங்கும்.

1966-இல் அமெரிக்காவில் ஒரே வருடத்தில் சாலையில் செத்தவர்கள் 50,000-ஐத் தாண்டினார்கள். அந்த வருடம் செப்டம்பரில்தான் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் விதிகள் 1968 ஜனவரியிலிருந்து அமலுக்கு வந்தன. பம்பர் விதி அதற்குப் பிந்தியது. 1973 மாடல் வருடத்தில் முன்பக்கம் மணிக்கு 5 மைல், பின்பக்கம் இரண்டரை மைல் வேகத்தில் மோதினால் விளக்கு முதலான பாகங்களுக்குச் சேதம் வரக்கூடாது என்றது. அடுத்த வருடம் பின்பக்கமும் 5 மைல் ஆனது. கூடவே பெண்டுலம் கொண்டு அடிக்கும் சோதனையும் வந்தது. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் அடி விழும். அதனால் பம்பர் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் கைக்குப் போய்விட்டது.

போர்ஷே தந்த பதில்தான் 1974 மாடல். ஜி-மாடல் என்பார்கள். நீங்கள் கெட்டுப்போனது என்று சொல்கிற கார் அதுதான். 1989 வரை அதே முகத்தோடு ஓடியது. 911-இன் வேறெந்தத் தலைமுறையும் அத்தனை வருடம் நிற்கவில்லை. கெட்டுப்போன முகத்தை ஜனங்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் காசு கொடுத்து வாங்குவார்களா?

மார்ச் 3, காலை

"தலைப்பில் துருத்தி என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஜி-மாடலின் பம்பர் நுனி ஃபெண்டரோடு சேரும் இடத்தில் கறுப்பு ரப்பரில் மடிப்பு மடிப்பாக ஒன்று தெரியும். ஹார்மோனியத்தின் துருத்தி மாதிரியே இருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மோதும்போது அலுமினிய பம்பர் அப்படியே காரை நோக்கி நகரும். நகர இடம் வேண்டும் என்றால் பம்பருக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியை மூடத்தான் துருத்தி.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 5 மைல் என்றால் நொடிக்கு சுமார் 2.2 மீட்டர். 1,100 கிலோ காரை 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு வேகமோ அவ்வளவு. அந்த வேகத்தை ஐந்து சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் எடையைப் போல ஐந்து மடங்கு விசை பம்பரின் பின்னால் இருக்கும் இரண்டு தண்டுகளில் இறங்கும். அமெரிக்காவுக்குப் போன கார்களில் அந்த இடத்தில் ஹைட்ராலிக் டாம்பர் (எண்ணெய் அழுத்தத்தில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் தண்டு) இருந்தது. உள்ளே போய், தானே திரும்பி வந்துவிடும். மற்ற நாடுகளுக்கான கார்களில் இருந்தது நசுங்கும் குழாய். ஒருமுறை நசுங்கினால் மாற்ற வேண்டியதுதான். வேண்டுமென்றால் கூடுதல் காசுக்கு ஹைட்ராலிக் கிடைத்தது.

மார்ச் 3, இரவு

அதே சட்டத்துக்கு மற்றவர்கள் தந்த பதிலையும் பாருங்கள். இங்கிலாந்தின் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் மூக்கில் பெரிய கறுப்பு ரப்பர் கட்டியை மாட்டியது. உயர விதிக்காகக் காரையே ஏறத்தாழ ஓர் அங்குலம் தூக்கினார்கள். தாழ்ந்து ஓடுவதற்கென்றே பிறந்த கார் அது. பி.எம்.டபிள்யூ 2002-க்கு அமெரிக்காவில் அலமாரிப் பலகை மாதிரி நீட்டிய பம்பர். மெர்சிடிஸ் எஸ்.எல்.லுக்கும் அதே கதி.

அனடோல் லாப்பின் அப்போது போர்ஷேயின் வடிவமைப்புத் தலைவர். அவருடைய குழு பம்பரை ஒட்டுப்போடாமல் உடம்பின் கோட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. இடைவெளியை மறைக்கப் பார்க்காமல், இங்கே ஒரு மூட்டு இருக்கிறது என்று துருத்தி போட்டு வெளிப்படையாகக் காட்டியது. எனக்கு அந்தக் காரில் பிடித்த இடமே அதுதான். பம்பரை அலுமினியத்தில் செய்ததால் ஐரோப்பியக் காரின் எடையும் கூடவில்லை, ஏறத்தாழ 1,075 கிலோவிலேயே நின்றது. எடை ஏறாமல் சட்டத்தைத் தாண்டிய காரைப் பார்த்து வடிவமைப்பு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மார்ச் 5

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். 50,000 சாவைச் சொல்லிவிட்டு அதே பத்தியிலேயே பம்பருக்குத் தாவினேன். படிப்பவர்களுக்கு பம்பர் விதி உயிர் காக்க வந்தது என்று தோன்றும். அது சரியல்ல.

மணிக்கு 8 கிலோமீட்டர் மோதலில் யாரும் சாவதில்லை. விளக்கு உடையக்கூடாது, கதவும் பானட்டும் திறந்து மூட வேண்டும், பெட்ரோல் ஒழுகக்கூடாது, இவைதான் அந்த விதியின் நோக்கம். 1972-இல் அமெரிக்க காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டது. அதிலிருந்து பம்பர் என்பது பழுதுச் செலவைக் குறைக்கும் விஷயமாகவே ஆகிவிட்டது. 1982-இல் 5 மைலை இரண்டரையாகக் குறைத்தும் விட்டார்கள்.

உயிர் காத்தவை கண்ணுக்குத் தெரியாதவை: ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும் இரட்டைச் சுற்று பிரேக், நெஞ்சில் குத்தாத ஸ்டியரிங் தண்டு, சீட் பெல்ட், கழுத்தைத் தாங்கும் இருக்கை. வெளியே தெரிந்தது பம்பர் ஒன்றுதான். அதனால் திட்டெல்லாம் அதற்கே போனது.

மார்ச் 9, மாலை

இந்த இழைக்கு நான் இத்தனை வேகமாக வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு கராஜில் நிற்கிறது. அங்கே இருக்கும் பெரியவருக்கு எழுபத்தைந்து வயது. டூல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலிபோர்னியாவிலிருந்து திரும்பி வந்த 1980 மாடல் 911 எஸ்.சி. (ஜி-மாடலில் ஒரு வகை) ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இங்கிருந்து அமெரிக்காவுக்கு விற்றுப் போன கார்கள் பல, மழையும் உப்பும் இல்லாத ஊரில் வாழ்ந்துவிட்டு இப்போது திரும்பி வருகின்றன. சனிக்கிழமைகளில் நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவன்.

அவர் மகனுக்கு இந்தத் துருத்தி பம்பர் பிடிக்காது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 1973-க்கு முந்தைய மூக்கை மாட்டச் சொல்கிறார். இப்போது அது பெரிய மோகம். நல்ல ஜி-மாடல்களை வெட்டி, மெல்லிய பம்பர் வைத்து, பழைய கார் வேஷம் போடுகிறார்கள். இந்த இழையைத் தொடங்கியவர் சொல்வதைத்தான் அவர்கள் கையால் செய்கிறார்கள்.

இன்று பின் பம்பரைக் கழற்றினோம். இடதுபக்கத் துருத்தியைக் கையில் வாங்கினேன். நாற்பத்துநான்கு வருட ரப்பர். வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, மடிப்பின் உள்பக்கம் இன்னும் கரி மாதிரிக் கறுப்பு. மூன்றாவது மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. உள்ளே கலிபோர்னியா மணல் கொஞ்சம் தங்கியிருந்தது. டாம்பர் தண்டைத் துணியால் துடைத்துப் பார்த்தால் நுனியிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வளையம் போலக் கீறல். எப்போதோ யாரோ பின்னால் வந்து தட்டியிருக்கிறார்கள். பம்பர் அவ்வளவு தூரம் உள்ளே போய்த் திரும்பி வந்திருக்கிறது. உடம்புத் தகட்டில் அதற்கான அடையாளம் எங்கும் இல்லை. பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவியை வைத்துத் தேடினோம். பின் ஃபெண்டர் இரண்டிலும் தொழிற்சாலைப் பெயிண்ட்தான்.

பெரியவர் ரொம்ப நேரம் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். "செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது" என்றார்.

மார்ச் 10

டார்காவைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயம்தான்.

1965 ஃபிராங்ஃபர்ட்டில் காட்டிய டார்கா, வராத சட்டத்துக்காகப் பிறந்த கார். அமெரிக்கா கூரையில்லாத கார்களைத் தடை செய்யப்போகிறது என்ற பயம் அப்போது எல்லா நிறுவனங்களுக்கும் இருந்தது. இருக்கைக்குப் பின்னால் அகலமான ஒரு வளைவை நிறுத்தி, மேலே கழற்றும் கூரை போட்டு, "பாதுகாப்பு கேப்ரியோலே" என்று விளம்பரம் செய்தார்கள். சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் அந்த வளைவை மறைக்காமல், பளபளக்கும் எவர்சில்வரில் போர்த்தி காருக்கே அடையாளமாக்கிவிட்டார்கள். துருத்தி பம்பருக்கு எட்டு வருடம் முன்பே அதே புத்தி வேலை செய்திருக்கிறது என்று இதை எழுதும்போதுதான் எனக்குப் பட்டது.

அந்தத் தடை கடைசிவரை வரவில்லை. முழுசாகத் திறக்கும், விற்பனைக்கான 911 கேப்ரியோலே 1982-இல்தான் ஜெனீவாவில் காட்டப்பட்டது. வராத சட்டத்துக்கு அவ்வளவு காலம் கட்டுப்பட்டிருந்தார்கள்.

மார்ச் 14

"பின்னால் எஞ்சின் வைப்பதே ஆபத்து, அதை ஏன் சட்டம் தடுக்கவில்லை?" நல்ல கேள்வி.

அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-இல் கார்களின் ஆபத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிக் கிளப்பிய புயலின் நடுவில் இருந்த செவர்லே கார்வேரும் பின் எஞ்சின் கார்தான். அதில் விவாதத்துக்குள்ளானது பின் சக்கர சஸ்பென்ஷன். வளைவில் சக்கரம் உள்நோக்கி மடங்கும் ஸ்விங் ஆக்ஸில். 911-இல் அது கிடையாது, அதற்கு முந்தைய 356-இல் இருந்தது. ஆனாலும் வளைவுக்குள் போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 911-இன் வால் வெளியே வீசும். வால் கனம், விட்டால் சுற்றும். தொடக்க வருடங்களில் முன் பம்பருக்குள் பக்கத்துக்கு 11 கிலோ வார்ப்பிரும்பு வைத்து மூக்கைக் கனமாக்கினார்கள் என்றால் தவிப்பு புரியும்.

நிஜமான தீர்வு 1968 ஆகஸ்டில் வந்தது. எஞ்சின் அதே இடத்தில் இருக்க, பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். 2,211 ஆக இருந்த சக்கர இடைவெளி 2,268 ஆனது. இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சட்டத்தைப் புகழ்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும்: 911-இல் ஓட்டுநரை அதிகம் காப்பாற்றிய மாற்றங்களில் ஒன்று, யாரும் உத்தரவு போடாமல் வந்தது.

மார்ச் 15, பின்னிரவு

ஸ்டியரிங் தண்டைப் பற்றி 5-ஆம் தேதி ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

1991-இல் என் சித்தப்பா திருச்சி-மதுரை சாலையில் ஒரு பழைய டாக்சி ஓட்டிக்கொண்டு போனார். எதிரே லாரி. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. காரின் முன்பக்கம் பார்த்தால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம் போல இருந்தது என்று அப்பா சொல்வார். ஸ்டியரிங் தண்டு ஒரே நேர் கம்பி. முன்னாலிருந்து வந்த அடி அப்படியே அவர் நெஞ்சுக்குப் போய்விட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

911-இன் ஸ்டியரிங் தண்டு முதல் நாளிலிருந்தே மூன்று துண்டு, நடுவில் இரண்டு மூட்டு. ஸ்டியரிங் பெட்டியைக் காரின் நடுவில் வைத்தால் இடதுகை, வலதுகை இரண்டு வகைக் கார்களுக்கும் ஒரே அமைப்பு போதும் என்ற வசதி அதில் இருந்தது. நடுவில் வைத்ததால் தண்டு வளைந்து போக வேண்டியிருந்தது. வளைந்து போவதால் மோதும்போது நெஞ்சுக்கு வராமல் மடங்கிக்கொள்ளும். அமெரிக்கா பின்னால் விதியாக எழுதியபோது 911 ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது.

சாவை அதிகம் குறைத்தது பெல்ட். ஜெர்மனியில் புதுக் கார்களின் முன் இருக்கைக்கு பெல்ட் 1974 ஜனவரியிலும், அதை மாட்டுவது 1976 ஜனவரியிலும் கட்டாயமானது. மாட்டாதவருக்கு 40 மார்க் அபராதம் என்று 1984-இல் வந்த பிறகுதான் எல்லோரும் மாட்டினார்கள். 1970-இல் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 19,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு "சட்டம் அழகைக் கெடுத்தது" என்ற வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

மார்ச் 20

இழையைத் தொடங்கியவரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுகிறது. சட்டம் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை.

பெரியவரின் எஸ்.சி.யில் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். எண்கள் 85 மைலோடு முடிந்துவிடும், அங்கே அப்போது வேக வரம்பாக இருந்த 55 மட்டும் தனியாக எடுத்துக் காட்டப்பட்டிருக்கும். 1979 செப்டம்பரிலிருந்து அமெரிக்கா போட்ட விதி அது. கண்ணுக்கு எண் தெரியாவிட்டால் வேகமாகப் போகமாட்டார்கள் என்ற நினைப்பு. மணிக்கு 200 கிலோமீட்டரைச் சுலபமாகத் தாண்டும் காரில் 137-க்கு மேல் என்ன வேகம் என்று ஓட்டுநருக்கே தெரியாது. தெரியாமல் போவதுதான் அதிக ஆபத்து. 1982-இல் விதியைக் கைவிட்டார்கள்.

1974 மாடல்களில் பெல்ட் மாட்டினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று இன்னொரு விதி. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை வைத்தாலும் பெல்ட் கேட்கும். ஜனங்கள் கொதித்ததில் அந்த வருட அக்டோபரிலேயே காங்கிரஸ் ரத்து செய்தது. நோக்கம் நல்லது, ஆனால் மனுஷனை நம்பாத விதி. நம்பாத விதியை மனுஷனும் மதிக்கவில்லை.

முகப்பு விளக்கும் அப்படித்தான். அமெரிக்கா தான் குறித்த அளவில் சீல்டு பீம் (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக அடைத்த விளக்கு)தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததில் 911-இன் சாய்ந்த கண்ணாடி விளக்கு போய், குழிக்குள் உட்கார்ந்த தட்டை விளக்கு வந்தது. வெளிச்சமும் குறைவு. இந்த ஒரு இடத்தில் இழையைத் தொடங்கியவர் முழுக்க சரி. இங்கே பதிவு செய்ய பெரியவர் முதலில் மாற்றியது அதைத்தான்.

மார்ச் 24

சட்டங்களின் பயம் 911-ஐக் கொன்றேவிட்டிருக்கும். இனி அமெரிக்க விதிகளைப் பின் எஞ்சின் கார் தாண்டாது என்ற அச்சமும் சேர்ந்துதான் முன் எஞ்சின் 928 பிறந்தது. 1977-இல் வந்து 911-இன் இடத்தைப் பிடிக்க வேண்டிய கார். 1981-இல் பீட்டர் ஷூட்ஸ் தலைமைக்கு வந்தார். பொறியியல் தலைவர் ஹெல்முட் போட்டின் அறைச் சுவரில் ஒவ்வொரு மாடலின் எதிர்காலத்தையும் கோடாகப் போட்டிருந்தார்கள். 911-இன் கோடு அந்த வருடத்தோடு நின்றிருந்தது. ஷூட்ஸ் பேனாவை எடுத்து அந்தக் கோட்டைத் தாளைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கதவுவரை இழுத்தாராம். அவரே பலமுறை சொன்ன கதை.

அதன்பின் வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1989-இல் 964 என்ற அடுத்த தலைமுறை: பம்பர் உடம்போடு கலந்து பிளாஸ்டிக்கானது, துருத்தி போனது, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வந்தது. 1990 மாடலிலிருந்து அமெரிக்காவில் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை. 1997-இல் 996: எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி, பக்கவாட்டுக் காற்றுப்பை. அடுத்த வருடம் நான்கு சக்கர இயக்க மாடலில் கார் சறுக்காமல் நிலைநிறுத்தும் மின்னணு அமைப்பு. வால் வீசும் கதை பெரும்பாலும் அங்கே முடிந்தது.

இந்த நூற்றாண்டில் ஐரோப்பா பாதசாரி பாதுகாப்பு விதி கொண்டுவந்தபோது முன் எஞ்சின் கார்களுக்கு மூக்கு உயர்ந்தது. பானட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில், மோதும் தலை தாழ இடம் வேண்டும். 911-இன் பானட்டுக்கு அடியில் எஞ்சினே கிடையாது, பெட்டி படுக்கையும் பெட்ரோல் டாங்கும்தான். எந்த அமைப்பைச் சட்டம் முடித்துவிடும் என்று பயந்தார்களோ அதற்கு இந்த விதி மட்டும் பாரமாகவே இல்லை.

ஏப்ரல் 6

இழையைத் தொடங்கிய நண்பர் திரும்பி வந்து கேட்டிருக்கிறார்: "சரி, ஜி-மாடலை விட்டுவிடுகிறேன். இன்றைய 911 ஒன்றரை டன். இதையும் நியாயப்படுத்துவீர்களா?"

இரண்டு நாளாக யோசித்தேன். 1,075-க்கும் 1,500-க்கும் நடுவில் உள்ளது முழுக்கப் பாதுகாப்பு எடையல்ல. அகல டயர், பெரிய கியர்பெட்டி, மின்சார இருக்கை, ஒலித்தடுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, வாங்குபவர் கேட்டார். பழியை மட்டும் சட்டத்தின் தலையில் போடுகிறோம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இன்றைய காரில் எந்த விதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, எல்லாம் தோலுக்கு அடியில். ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் பகுதியில் உள்ள போர்ஷே அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கும் கார்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், கடைசியில் நிற்கும் கார்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஜி-மாடலுக்கு முன்னால் கால் நிற்கிறது. அந்த வருத்தம் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான் நண்பரே. நீங்கள் 1973-இல் நின்றுவிட்டீர்கள், நான் 1989-இல் நிற்கிறேன்.

ஏப்ரல் 20

பெரியவர் மூக்கை மாற்றவில்லை. முப்பது வயது தாண்டி, பிறந்த கோலத்தில் இருக்கும் கார்களுக்கு இங்கே தனி எண் பலகை உண்டு, எண்ணின் கடைசியில் 'H' (ஜெர்மனில் 'ஹா') என்ற எழுத்து வரும். வெட்டினால் அது கிடைப்பது சிக்கல் என்று மகனிடம் ஒரு காரணம் சொன்னார். என்னிடம் அந்த டாம்பர் கீறலைக் காட்டினார்.

இன்று நான்கு துருத்தியும் புதிது மாட்டினோம். விளிம்பை உள்ளிருந்து சின்ன நட்டுகளால் பிடிக்க வேண்டும். விரல் நுழையாத இடம், கண்ணால் பார்க்க முடியாது, தடவித் தடவித்தான். அவருக்குக் கை நடுங்குகிறது என்பதால் பின்பக்கம் இரண்டையும் நானே போட்டேன். கடைசி நட்டு மட்டும் தன் கையால் முடுக்கினார். பிறகு பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் பம்பரை ஒரு தள்ளு தள்ளினார். கார் மொத்தமும் ஆடியது, துருத்தி அசையவில்லை. அதற்கு 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்றேன். தெரியும் என்றார். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். ஸ்பீடோமீட்டர் முகத்தைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டார். பழைய 85 மைல் தட்டை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.